பழைய கார் வாங்கப் போகிறேன்: மின்னும் டயரை நம்பலாமா?

உறையூர்க்காரர்:
வணக்கம். 2016 மாடல் சின்ன கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் 32,000 கிலோமீட்டர் காட்டுகிறது. டயர் நான்கும் கருகருவென்று மின்னுகின்றன, பட்டனும் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளங்கள்) நன்றாகவே இருக்கிறது. ஆனால் முன்பக்க இடது டயரை ஈரத்துணியால் துடைத்ததும் துணி கறுப்பாகிவிட்டது. பூச்சுக்கு அடியில் வறண்ட ஏரி மண்போல மெல்லிய வெடிப்புகள்! பக்கத்தில் 3018 என்று ஓர் எண். மற்ற மூன்றிலும் எண்ணே தென்படவில்லை. “பட்டன் இருக்கும்போது டயருக்கு என்ன குறை?” என்கிறார் விற்பவர். நாளை முன்பணம் கேட்கிறார். பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வரத்தான் இந்த கார். கொடுக்கலாமா?

டயர் கடைக்காரர்:
முன்பணத்தை நிறுத்திவையுங்கள் தம்பி. 3018 என்றால் 2018ஆம் ஆண்டின் 30ஆவது வாரத்தில் தயாரான டயர். நிற்கிற காரிலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் மழைச் சாலையைப் பிடிக்காது, பிரேக் போட்டால் வழுக்கும். கோடையில் நான்குவழிச் சாலையில் ஆள் நிறைய ஏற்றிப் போய் வெடித்த டயர்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. சிலவற்றில் பட்டன் பாதிக்குமேல் இருந்தது. 6 ஆண்டு ஆனால் மாற்றிவிடச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு.

வாரமும் ஆண்டும் காட்டும் இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போயிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டயரின் உட்புறம் தெரியும். பின் டயருக்குச் செல்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். கையோடு உள் விளிம்பையும் தடவிப் பாருங்கள். வெளியே பட்டன் முழுதாக இருக்க, உள்ளே மட்டும் மழமழவென்று இருந்தால் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) அல்லது சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) கோளாறு. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே போனால் சட்டப்படியும் ஓட்டக்கூடாது.

கோவை வாசகர்:
எனக்கு உறுத்துவது வேறு. 32,000 மட்டுமே ஓடிய காருக்கு அவ்வளவு சீக்கிரம் ஏன் டயர் மாற்றினார்கள்? ஒரு டயர் என்றால் ஆணி குத்தியிருக்கலாம். நான்கும் 2018 என்றால் மீட்டரைச் சந்தேகியுங்கள். ஒரு செட் டயர் சாதாரணமாக 40,000 கிலோமீட்டராவது உழைக்கும். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், காரோடு வந்ததா என்று தெரிந்துவிடும்.

உறையூர்க்காரர்:
தரையில் படுத்தே பார்த்துவிட்டேன். நான்கும் 2018. ஸ்டெப்னி மட்டும் 0916. சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்றார். வாங்கப் போகிறேன் என்று சொல்லி சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். 2019இலேயே 61,000 ஓடியதாகப் பதிவு இருக்கிறது! நெஞ்சு திக்கென்றது. முன்பணம் கொடுக்கவில்லை. உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஞாயிறன்று லால்குடியில் இன்னொரு காரைப் பார்க்கிறேன். டயர் 2017ஆம் ஆண்டுடையது என்று உரிமையாளரே சொல்லிவிட்டார். விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

டயர் கடைக்காரர்:
உண்மையைச் சொல்கிறவர் என்றால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். டயர் அளவைத் தொலைபேசியிலேயே கேட்டு, இரண்டு கடைகளில் நான்கு டயருக்கும் அலைன்மெண்டுக்கும் விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை முழுதாகக் குறைத்துக் கேளுங்கள். வாங்கினால், வெளியூர் எடுத்துப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள்.