ஆனர் கமிட்டியிலிருந்து மெயில் வந்திருக்கிறது, உடனே யாராவது சொல்லுங்கள்

புதுவரவு_தஞ்சை:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில்தான் வந்தேன், எம்.எஸ். முதல் செமஸ்டர். நேற்று ராத்திரி ஆனர் கமிட்டியிலிருந்து (காப்பி அடித்த புகார்களை விசாரிக்கும் பல்கலைக்கழகக் குழு) மெயில் வந்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ப்ரோக்ராமிங் அசைன்மென்ட்டில் நானும் இன்னொருவரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறோமாம். நான் காப்பி அடிக்கவில்லை. ரூம்மேட் கெஞ்சினான், ராத்திரி இரண்டு மணிக்கு என் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவ்வளவுதான். ஒரு வேரியபிளுக்கு "மொத்தம்2" என்று தங்கிலீஷில் பேர் வைத்திருந்தேன், அதைக்கூட அவன் மாற்றவில்லை. ஊருக்கு அனுப்பிவிடுவார்களா? அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கியிருக்கிறார்.

மதுரைக்காரி:
தம்பி, முதலில் ஏதாவது சாப்பிடு. நான் 2011ல் வந்தபோது முதல் மூன்று மாதம் தினமும் அழுதேன். கார் கிடையாது, அரிசி வாங்க இரண்டு பஸ் மாறிப் போய், பத்து கிலோ மூட்டையைப் பனியில் இழுத்துக்கொண்டு வருவேன். அதெல்லாம் கடந்து போய்விட்டது, இதுவும் போகும். வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதே, அம்மாவுக்குத் தாங்காது.

கோவை_செந்தில்:
எதையும் ஒத்துக்கொள்ளாதே. எழுத்தில் ஒரு வார்த்தை கொடுக்காதே. இரண்டு பேருக்கும் ஒரே யோசனை தோன்றியது என்று சொல். எனக்கு முதல் செமஸ்டரில் இப்படி ஒன்று வந்தது, மூச்சுவிடாமல் இருந்தேன், தானாக அடங்கிவிட்டது.

நெய்தல்:
செந்தில் அண்ணா, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். "மொத்தம்2" இரண்டு ஃபைலிலும் இருக்கும்போது யார் நம்புவார்கள்? பல இடங்களில் விசாரணையில் பொய் சொல்வது தனிக் குற்றம். தம்பி, ஃபைலைக் கொடுப்பதும் வாங்குவதும் இங்கே பெரும்பாலும் ஒன்றுதான். "உதவி கொடுக்கவும் இல்லை, பெறவும் இல்லை" என்று வீட்டுப்பாடத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பாயே, அதில் "கொடுக்கவும்" என்று இருப்பதை நம்மில் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை.

கோவை_செந்தில்:
அதுதான் எனக்கு ஆத்திரம். நம்மூரில் பறக்கும் படை வரும், பெஞ்சுக்கு நடுவே ஆள் நடப்பார், எது தப்பு என்று தெரியும். இங்கே ஆளே நிறுத்தாமல் நம்பி விட்டுவிட்டு, அப்புறம் மாட்டினால் வெளியே போ என்கிறார்கள். விடிய விடிய நோட்டைப் பகிர்ந்து படித்துப் பழகியவனுக்கு எல்லை எங்கே என்று யார் சொல்லித் தந்தார்கள்?

ஆற்காட்டு_ராணி:
எல்லை தெரியாதது உண்மைதான், ஆனால் அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மூன்று மணி நேரத் தேர்வைத் தனியாக உட்கார்ந்து, புத்தகத்தைத் திறக்காமல் எழுதி முடித்தபோது என் மேல் எனக்கே மரியாதை வந்தது. செந்தில் சொன்ன "மாட்டினால் வெளியே போ" என்ற முறையும் எல்லா இடத்திலும் அப்படியே இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1840ல் ஒரு பேராசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார், அதற்கு அப்புறம் 1842ல் வந்தது அவர்களுடைய ஆனர் முறை. நடத்துவது மாணவர்களேதான். வெகுகாலம் அங்கே ஒரே தண்டனை, நிரந்தர வெளியேற்றம். சின்னத் தப்புக்கும் அதே என்றால் புகார் கொடுக்கவும் தயங்குவார்கள், குற்றவாளி என்று சொல்லவும் மனசு வராது. 2013ல் தாமாக ஒப்புக்கொண்டு இரண்டு செமஸ்டர் விலகியிருக்கும் வழி வந்தது. 2022ல் மாணவர்களே ஓட்டுப் போட்டு வெளியேற்றத்தை இரண்டு செமஸ்டர் விடுப்பாகக் குறைத்தார்கள், 2023ல் தப்புக்குத் தகுந்த தண்டனை என்று மாற்றினார்கள். புகாருக்கு ஆளாகிறவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் விகிதத்துக்கு மீறி இருந்ததும் அங்கே பேசப்பட்டது. நம் பிள்ளைகள் இந்தக் கமிட்டிகளில் உறுப்பினராகச் சேர வேண்டும், வெளியே நின்று பொருமி என்ன பயன்?

மதுரைக்காரி:
என் காலத்தில் இதையெல்லாம் சொல்ல ஒருவர்கூட இல்லை.

திருச்சி_அண்ணன்:
கேட்ட பிள்ளையை நடுவில் விட்டுவிட்டோம். தம்பி, எந்த நாடு, என்ன விசா, பதில் சொல்ல என்று வரை கெடு, இது விசாரணைக்கு முந்தின கடிதமா இல்லை முடிவா, ஒன்றையும் நீ சொல்லவில்லை. அமெரிக்கா, எஃப்-1 மாணவர் விசா என்று வைத்துச் சொல்கிறேன். கமிட்டிக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓவை, அதாவது மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியை, பார். இரண்டு செமஸ்டர் விடுப்பு உள்ளூர் மாணவனுக்கு ஒரு வருட இழப்பு, உனக்கு விசாவே அதில் இருக்கிறது. டிஎஸ்ஓ அனுமதித்து விலகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள் கிடைக்கும், சஸ்பெண்ட் ஆகி செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அரசுப் பதிவேடு) உன் பதிவு முடிந்துபோனால் அதுவும் கிடையாது. 5 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பிவரப் புது ஐ-20, அதாவது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம், வேண்டும். உங்கள் பல்கலைக்கழக விதியில் தாமாக ஒப்புக்கொள்ளும் வழி இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் என்று படி. உனக்கு ஒரு ஆலோசகரை ஒதுக்குவார்களா என்று கேள். வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்காதே, ரூம்மேட்டோடு கதையை ஒத்துப் பேசாதே. அப்பாவிடமும் சொல்லிவிடு, லோன் அவர் தலையில் இருக்கிறது.

புதுவரவு_தஞ்சை:
எஃப்-1தான் அண்ணா. முதல் கடிதம்தான், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை கெடு போட்டிருக்கிறார்கள், பதற்றத்தில் அதைப் பார்க்கவே இல்லை. டிஎஸ்ஓவுக்கு மெயில் போட்டுவிட்டேன், நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஊரில் விடிந்ததும் அப்பாவைக் கூப்பிடுகிறேன்.