கான்ஃபிகருக்குக் கொடுத்த பாதை போய்ச் சேரவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
சர்வரில் எனக்கு ரூட் அனுமதி இல்லை, அதனால் டீமக்ஸை (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை ஓட்டும் புரோகிராம்) என் ஹோம் ஃபோல்டரிலேயே சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறேன். அதற்குத் தேவையான லிப்ஈவென்ட், என்கர்சஸ் என்ற லைப்ரரிகள் இரண்டையும் ஹோமுக்குள் லோக்கல் என்ற ஃபோல்டரில் போட்டாயிற்று. அப்புறம் டெர்மினலில் முதல் வரியில் சிபிபிஃபிளாக்ஸ் (ஹெடர் கோப்புகளைத் தேடும் பாதை), அடுத்த வரியில் எல்டிஃபிளாக்ஸ் (லைப்ரரிகளைத் தேடும் பாதை) என்ற மாறிகளுக்கு மதிப்பு கொடுத்து என்டர் தட்டி, மூன்றாவது வரியில் கான்ஃபிகரை (பில்டுக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்) ஓட்டினேன். லிப்ஈவென்ட் இல்லை என்று நின்றுவிடுகிறது. எக்கோ போட்டால் இரண்டிலும் மதிப்பு சரியாகவே இருக்கிறது. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
எக்கோ காட்டுவது உங்கள் ஷெல்லுக்குள் இருப்பதை. கான்ஃபிகர் தனி புராசஸ், எக்ஸ்போர்ட் செய்யாத மாறி அதற்குப் போகவே போகாது. என்வ் என்று தட்டிப் பாருங்கள், பிற புராசஸ்களுக்குப் போகும் மாறிகளின் பட்டியல் வரும், அதில் இரண்டும் இருக்காது. இரண்டு வரிக்கும் முன்னால் எக்ஸ்போர்ட் சேருங்கள்.

பதில் 2:
எக்ஸ்போர்ட் போதும்தான், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த டெர்மினலை மூடும்வரை எதை பில்ட் செய்தாலும் அதே பாதை கூடவே போகும், வேறு ஏதோ ஒரு புரோகிராம் தப்பான ஹெடரை எடுத்துக்கொண்டால் காரணம் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். கான்ஃபிகர் என்று தட்டியபின் அதே வரியில், பிரிஃபிக்ஸை (நிறுவும் இடத்தை) கொடுப்பது போலவே இரண்டு மாறிகளையும் கொடுங்கள். கான்ஃபிகரை உருவாக்கும் கருவியான ஆட்டோகான்ஃபின் கையேடு சொல்வதும் இந்த வழியைத்தான். இப்படிக் கொடுத்தது கான்ஃபிகர் உருவாக்கும் கான்ஃபிக்.ஸ்டேட்டஸ் கோப்பில் பதிவாகிவிடும், பிறகு பில்டை நடத்தும் மேக் தானாகவே கான்ஃபிகரை மறுபடி ஓட்டினாலும் மதிப்பு தொலையாது. எக்ஸ்போர்ட் செய்து சூழல் வழியாக வந்தால் சிபிபிஃபிளாக்ஸ் போல கான்ஃபிகர் முன்பே அறிவித்து வைத்திருக்கும் மாறிகள் மட்டும்தான் பதிவாகும்.

இன்னொன்று, என்கர்சஸின் ஹெடர்கள் பெரும்பாலும் இன்க்ளூட் ஃபோல்டருக்குள் இன்னொரு என்கர்சஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். அப்போது சிபிபிஃபிளாக்ஸில் இரண்டு பாதை வேண்டும், நடுவில் இடைவெளி வரும், முழு மதிப்பையும் மேற்கோள்குறிக்குள் போடுங்கள். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாது.

கேட்டவர்:
கான்ஃபிகர், மேக் இரண்டும் முடிந்துவிட்டன, ரொம்ப நன்றி! ஆனால் டீமக்ஸைத் திறந்தால் இப்போது லிப்ஈவென்டின் எஸ்ஓ கோப்பு (ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) கிடைக்கவில்லை என்கிறது. மறுபடியும் அதே பிரச்சினையா?

பதில் 2:
இது வேறு. எல்டிஃபிளாக்ஸில் கொடுத்த பாதை லிங்க் செய்யும் நேரத்துக்கு மட்டும்தான், புரோகிராம் ஓடும்போது லோடர் அங்கே தேடாது. அதே எல்டிஃபிளாக்ஸ் மேற்கோளுக்குள் ஆர்பாத்தையும் (ஓடும்போது தேட வேண்டிய பாதை) சேருங்கள்: ஹைஃபன், டபிள்யூஎல், கமா, ஹைஃபன், ஆர்பாத், கமா, அதை ஒட்டியே லிப் ஃபோல்டரின் முழுப் பாதை. மேக் கிளீன் செய்துவிட்டு கான்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள்.

பதில் 3:
எதுவும் சந்தேகமாக இருந்தால் கான்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாகைத் திறங்கள். கான்ஃபிகரை எந்தக் கட்டளையால் ஓட்டினீர்கள் என்பது மேலேயே அப்படியே இருக்கும், கீழே போனால் கடைசியில் எந்த மாறிக்கு என்ன மதிப்பு நின்றது என்று தெரியும். எனக்கு எக்கோவைவிட அதில்தான் நம்பிக்கை.