மறுமொழி: போலிச் சிவப்பணுவா, குறிபதி சிவப்பணுவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> கோடிசைட்டுக்குப் "போலிச் சிவப்பணு" அல்லது "பூச்சணு" போதுமே.

இரண்டுமே வேண்டாம் என்பேன். நாம் பெயர் தேடும் கோடிசைட் (kodecyte), ரத்த வகையைக் காட்டும் குறியை (antigen) ஆய்வகத்தில் வெளியிலிருந்து சேர்த்த சிவப்பணு. காரைக்குடியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் நோட்டில் ஏறப்போகிற சொல் என்பதால்தான் மல்லுக்கட்டுகிறேன்.

இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறும், பொருள் மாறாது: பந்தல், பந்தர். இங்கே நேர்மாறு. அணு அதே அணுதான். சோதனையில் அது தரும் பொருள்தான் மாறுகிறது. ஏ குறியின் நுனியில் என்-அசெட்டைல் கேலக்டோசமைன், பி குறியின் நுனியில் கேலக்டோஸ். அந்த ஒரு சர்க்கரைதான் வித்தியாசம். நுனியில் அந்தச் சர்க்கரை, நடுவில் தண்டு, அடியில் கொழுப்பு வால் என்று ஒரு மூலக்கூறைச் செய்து, ஓ வகைச் சிவப்பணுவோடு கலந்து 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால், வால் தானே சவ்வுக்குள் இறங்கிவிடும். பிறகு அந்த ஓ அணு, ஏ எதிர்ச்சீரத்தில் (ஏ குறியைப் பற்றிக்கொள்ளும் சீரம்) திரளும். மூலக்கூறின் அளவைக் குறைத்தால் திரள்வதும் குறையும், வலுக்குறைந்த ஏ வகையைப் போலவே. நிஜத்தில் அப்படி ஒரு மாதிரி கிடைப்பது அபூர்வம். கண் பழகாதவர்கள் அதை ஓ என்று எழுதிவிடுவார்கள். இனி அதற்காகக் காத்திருக்காமலே பிள்ளைகளைப் பழக்கலாம்.

அப்புறம், பூச்சு. நம் வீட்டுச் சுவரில் வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசியது சுவரையே மூடிவிடுகிறது. இங்கே அணு மூடப்படுவதில்லை, அதன் சொந்தக் குறிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆசாரி நகையில் கல் பதிப்பது மாதிரி. அதனால் "குறிபதி சிவப்பணு", செய்முறைக்குக் "குறிபதிப்பு".

வினைத்தொகை என்பதால் பதித்த என்றும் பதிந்த என்றும் விரிக்கலாமே என்று கேட்பீர்கள். விரியட்டும். கலப்பது நாம், இறங்குவது வால், இரண்டும் உண்மை. இயற்கையிலும் இப்படி உண்டு: லூயிஸ் என்ற இன்னொரு ரத்த வகையின் குறிகளைச் சிவப்பணு தானாகச் செய்வதில்லை, பிளாஸ்மாவிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதைக் "குறி பதிந்த சிவப்பணு" என்று விரித்தே எழுதுவோம். தொகையை ஆய்வகத்தில் செய்ததற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நடுத்தண்டுக்கு "இடைத்தண்டு" என்று எழுதிவருகிறேன். தாவரவியலில் அது வேறு எதற்காவது புழங்குகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.