பேச்சா, போரா: 1783 கடலூரும் 1954 கீழூரும்

கெடிலக்கரை:
"எல்லையில் வாலாட்டுகிறவனிடம் பேச்சு எதற்கு, ஒரே அடியாக அடித்து முடிக்க வேண்டும்" என்று முத்தியால்பேட்டை என்ற பெயரில் எழுதும் அண்ணன் நேற்று இங்கே எழுதியிருந்தார். அண்ணே, ஒரே அடியில் முடிந்த போர் எது? நம்ம கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1783 ஜூன் 13 அன்று, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படையில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தும் அடிபட்டும் விழுந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கடலிலும் பீரங்கிச் சண்டை. ஆனால் இரண்டு நாடுகளும் சமாதானத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டது அந்த ஜனவரி 20-லேயே! சேதி கப்பலேறி இங்கே வர ஜூன் கடைசி ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் நம் நாட்டுச் சிப்பாய்கள் நின்றார்கள். அவர்கள் வீட்டில் என்ன சொல்லி அழுதிருப்பார்கள்?

முத்தியால்பேட்டை:
தம்பி, அது வெள்ளைக்காரன் சண்டை. நான் பேசுவது நம் நாட்டைப் பற்றி. 1954-ல் சீனாவோடு பஞ்சசீலம் என்ற சமாதான உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டோம், 1962-ல் சீனப் படை உள்ளே வந்தது. 1999 பிப்ரவரியில் நம் பிரதமர் பஸ்ஸிலேயே லாகூர் போனார், மே மாதம் கார்கிலில் பாகிஸ்தானோடு போர். 527 வீரர்களைக் கொடுத்தோம். நம்பிக் கெட்டதற்கும் விலை உண்டு, அதையும் எழுதுங்கள்.

சங்கராபரணி:
அண்ணே, என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். வியட்நாம் பக்கம், இந்தோசீனா போனவர். ஆயா வைத்திருந்த தகரப் பெட்டியில் அவருடைய பதக்கம் ஒன்று, பச்சை பூத்துக் கிடக்கும். பென்ஷன் வாங்கும் நாளில் மட்டும் ஆயா அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பார். தாத்தா தொடவே மாட்டார். யாருடைய மண்ணுக்காக யாரைச் சுட்டோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதே பிரான்ஸ் ஆண்ட நம் புதுச்சேரி எப்படி இந்தியாவோடு சேர்ந்தது? 1954 அக்டோபர் 18, புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூர் கிராமம். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள், 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ராணுவம் சண்டை போட்டு ஊரைப் பிடிக்கவில்லை. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் ஒப்பந்தத்தில் வழி வைத்தார்கள். என் சித்தப்பா பிள்ளைகள் இன்று பிரான்ஸில் இருப்பது அதனால்தான்.

முத்தியால்பேட்டை:
பாதிதான் சொல்கிறீர்கள், தங்கச்சி. அந்த மே மாதம் வியட்நாமின் தியென் பியென் ஃபூவில் பிரான்ஸ் தோற்காமல் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகக் கொடுத்திருக்குமா? போர்ச்சுக்கல் கொடுக்கவில்லையே! கோவாவுக்காக 14 வருஷம் பேசிப் பார்த்து, 1961-ல் படை போனது.

கெடிலக்கரை:
தியென் பியென் ஃபூ பற்றி நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் கோவா விஷயத்தில் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்: 14 வருஷம் பேசினோம். அப்படிப் பேசியதால்தான் படையில் போன பிள்ளைகளின் வீட்டுக்கு "வேறு வழியே இல்லை" என்று சொல்ல முடிந்தது. கார்கிலிலும் நம் படை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டவில்லை. அந்த நிதானம் உலகத்தை நம் பக்கம் திருப்பியது.

காவல் வேண்டாம் என்று யார் சொன்னது? 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அது சண்டையில்லாத காலத்துச் செலவு. சண்டை என்று வந்தால்? 2022-ல் உக்ரைனில் குண்டு விழுந்தது, மஞ்சக்குப்பம் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. அடுத்தவன் போருக்கே நம் அடுப்படி விலை கொடுக்கிறது.

முத்தியால்பேட்டை:
எண்ணெய் விலையையும் எல்லையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் அக்கா மகன் லடாக்கில் நிற்கிறான், அந்த வேகத்தில்தான் நேற்று எழுதினேன். சரி, முதலில் பேசட்டும். ஆனால் பேச்சு முறிந்தது என்று யார், எந்த நாளில் முடிவு செய்வது? அதைச் சொல்லுங்கள்.

சங்கராபரணி:
நாடாளுமன்றம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், அண்ணே. அங்கே செலவுக் கணக்கோடு, லடாக்கில் நிற்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு என்ன பதில் என்பதையும் எழுதி வைக்கட்டும். உங்கள் அக்காவிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.