ரிங் ஃப்ரேம் சத்தம் கேக்கது தலைமைப் பலமா?

பேட்டை மேஸ்திரி:
மில்லுக்குப் பயிற்சி எடுக்க வந்தவரு, "சூப்பர்வைசர்னா மொதல்ல பலவீனத்தைச் சரிபண்ணணும்"னுட்டுப் போனாரு. எனக்குப் பத்திக்கிட்டு வருது. 22 வருசம் நூல் நூக்குத ரிங் ஃப்ரேம் மிஷின்ல நின்னவன் நான். ஷெட் வாசல்ல கால் வைக்கும்போதே எந்த மிஷின் மக்கர் பண்ணப்போகுதுன்னு காது சொல்லிரும். அதைத் தெனமும் பயன்படுத்துதேன். அதான் என் தலைமை. ரிப்போர்ட் எழுத வராது, அதுக்கு ஒரு பையன் இருக்கான்.

பாளை மனிதவளம்:
அண்ணாச்சி, சத்தம் கேக்கது ஃபிட்டர் வேலை. பீட்டர்சன், செலிக்மேன்னு ரெண்டு உளவியல்காரங்க 2004ல 24 குணப் பலங்களை வரிசைப்படுத்தினாங்க. நேர்மை, தைரியம், அன்பு எல்லாம் இருக்கு. தலைமையும் அதுல ஒண்ணு. காது இல்ல.

பேட்டை மேஸ்திரி:
இல்லாட்டா என்னவே? நிமிசத்துக்கு 16,000 சுத்து ஓடி நூலை முறுக்கிச் சுத்துத ஸ்பிண்டில் முன்னால ஒம்ம 24ஐ வாசிச்சுக் காட்டும், பாப்போம். போன மாசம் 7ஆம் நம்பர்ல 'கிர்'ருன்னு ஒரு இழுப்பு. நிறுத்தச் சொன்னேன். பாத்தா எண்ணெ வறண்டு கெடக்கு. யாரு காது?

அம்பை சைடர்:
மிஷின் பக்கத்துலயே நின்னு நூலைப் பாத்துக்கிடுத சைடர் நான், அந்த எண்ணெயப் பத்தி மூணு நாளா சொன்னேனே? மிஷின் சத்தம் கேட்ட காதுல என் சத்தம் மட்டும் விழல. என்னைத் தாண்டி மேஸ்திரி ஆனவருல்லா!

பேட்டை மேஸ்திரி:
பழைய கதைய இங்க அவுக்காத. காது இருந்துச்சு, ஆனேன்.

பாளை மனிதவளம்:
2005ல ஒரு ஆய்வு. தன்னோட முக்கியப் பலத்தை ஒரு வாரம், தெனமும் புதுவிதமாப் பயன்படுத்தினவங்களுக்கு ஆறு மாசம் வரைக்கும் சந்தோசம் கூடியிருந்துச்சு. புதுவிதமா! நீங்க 22 வருசமா அதே காது.

அம்பை சைடர்:
வ.உ.சி. 1908ல கோரல் மில் தொழிலாளிகளைத் திரட்டினது பேச்சால. காதால இல்ல.

பேட்டை மேஸ்திரி:
தூத்துக்குடிய எதுக்குவே இழுக்கீரு? நெல்லையப் பத்திப் பேசும்.

அம்பை சைடர்:
1986ல பிரிக்கிற வரைக்கும் அது நெல்லை மாவட்டம்தாம்வே.

பாளை மனிதவளம்:
விசயத்துக்கு வாங்க ரெண்டு பேரும்.

பேட்டை மேஸ்திரி:
விசயமே காதுதான். இன்னைக்குச் சாயங்காலம் 3ஆம் நம்பர் ஒரு மாதிரி முனகிச்சு. நாளைக்கு மொத வேலையா எண்ணெ பாக்கணும்.

அம்பை சைடர்:
எண்ணெ இல்ல, ரிங்குல ஓடுத குட்டிக் கொக்கி இருக்குல்லா, டிராவலர், அத மாத்தணும். திங்கக்கெழமையே நோட்டுல எழுதி வச்சாச்சு.

பேட்டை மேஸ்திரி:
நான் கேட்டது எண்ணெச் சத்தம்.