மணிவண்ணன் நடிக்க வந்தது நமக்கு லாபமா, நஷ்டமா?

டூரிங் டாக்கீஸ்:
நேற்று ராத்திரி டிவியில் மறுபடியும் 'அமைதிப்படை'. எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை. முடிந்ததும் சிரிப்பு அடங்கி எரிச்சல்தான் மிஞ்சியது. 1994இல் இப்படி ஒரு அரசியல் படம் எடுத்த மனிதர், அதற்கப்புறம் படம் இயக்குவதைக் கிட்டத்தட்ட விட்டே விட்டார். மொத்தம் ஐம்பது படம் இயக்கியதில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டது. பிறகு என்ன செய்தார்? ஹீரோவுக்கு அப்பா, ஹீரோயினுக்கு அப்பா, அமைச்சர், பி.ஏ. நானூறு படம் நடித்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். நடிகர் மணிவண்ணன் இயக்குநர் மணிவண்ணனைத் தின்றுவிட்டார் என்பேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

நொய்யல்கரை:
வந்துட்டேனுங்க. நானும் அவர் பிறந்த சூலூர்ப் பக்கம்தான், அதனால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வது பாதிக்கதை. பாரதிராஜாவிடம் இருந்தபோது 'நிழல்கள்' படத்துக்கு எழுதினார், ஓடவில்லை. அடுத்த வருடமே 'அலைகள் ஓய்வதில்லை' கதை. 1982இல் 'கோபுரங்கள் சாய்வதில்லை' மூலம் இயக்குநர். 1984இல் மட்டும் 'நூறாவது நாள்', '24 மணி நேரம்', 'இங்கேயும் ஒரு கங்கை' என்று வரிசை. இந்த வேகத்தில் எடுத்த எல்லாமே தங்கமா? நூறு தடவை பார்க்கத் தோன்றுவது ஆறேழுதான் தேறும். 1988இல் 'கொடி பறக்குது' படத்தில் குருநாதர் அவரை ரஜினிக்கு எதிரே வில்லனாக நிறுத்தியபோது தமிழுக்கு ஒரு புது நடிகர் கிடைத்தார். அதை நஷ்டக் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

டூரிங் டாக்கீஸ்:
ஆறேழுதான் என்கிறீர்களே, அந்த ஆறேழின் வீச்சைப் பாருங்கள். 'கோபுரங்கள் சாய்வதில்லை'யில் அருக்காணியை வைத்துக் குடும்பக் கதை. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜை நிறுத்தி 'நூறாவது நாள்' என்று ஒரு திகில் படம். கலைஞர் வசனத்தில் 'பாலைவன ரோஜாக்கள்'. சிவாஜியை நீதிபதியாக்கி 'ஜல்லிக்கட்டு'. ஒரு படம் போல இன்னொன்று இல்லை. இத்தனை வகை எடுத்தவரை பி.ஏ. வேடத்தில் உட்கார வைத்துவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை.

பால்கனி டிக்கெட்:
'நூறாவது நாள்' வந்தபோது எனக்குப் பத்து வயசு. அண்ணனோடு இரண்டாம் ஆட்டம் போனேன். கனவில் வருவது நடக்கப் போகிறதென்று நளினிக்குத் தெரியும், பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் பயம் என்னோடு வீடு வரை வந்தது. ஒரு மாதம் கொல்லைப்புறம் போக விளக்கோடு அண்ணன் துணை வேண்டியிருந்தது. விவாதத்துக்கு இது உதவாது, தெரியும். சும்மா சொன்னேன்.

நொய்யல்கரை:
பி.ஏ. வேடம் என்று மட்டமாகச் சொன்னீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். 'முதல்வன்' மாயகிருஷ்ணன். கதை முழுக்க அர்ஜுன் ஓடுகிறார், அடிக்கிறார், உத்தரவு போடுகிறார். கூடவே ஒரு அரசாங்கத்து ஆள், வருஷக்கணக்காக எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய முகத்தோடு. இந்த வேகம் புதிது என்பதை நமக்குக் காட்டுவது அந்த முகம்தான். அந்த வேடத்தை வேறொருவர் செய்திருந்தால் வெறும் தலையாட்டி ஆகியிருக்கும்.

'சங்கமம்' பார்த்தீர்களா? நாட்டுப்புறக் கலைக்குழுவின் பெரியவர். நக்கல் மணிவண்ணனை அதில் தேடினாலும் கிடைக்காது.

ரீல்பெட்டி:
ஒரு விஷயத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். 'உள்ளத்தை அள்ளித்தா'. சுந்தர்.சி அவருடைய சீடர். 1996இல் குருநாதர் சீடன் சொன்ன இடத்தில் நின்று இரட்டை வேடம் போட்டார், எதிரே கவுண்டமணி. அந்த மனுஷர் எதிரே யார் நின்றாலும் காணாமல் போவார்கள். இவர் போகவில்லை. காரணம், பதில் சொல்ல அவசரப்படமாட்டார். அடி விழும் வரை காத்திருந்து, அது விழுந்த வலியை முகத்தில் வாங்கிக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். காட்சியில் சிரிப்பு எங்கே விழவேண்டும் என்று ஒரு இயக்குநருக்குத் தெரியுமல்லவா, அதுதான் அங்கே வேலை செய்கிறது. இயக்குநர் எங்கேயும் போகவில்லை சார், கேமராவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

டூரிங் டாக்கீஸ்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேமராவுக்கு முன்னால் நின்றவரால் 'அமைதிப்படை' மாதிரி இன்னொன்று தர முடிந்ததா? 2013 மே மாதம் 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' வந்தது. ஐம்பதாவது படம். முதல் நாளே ஓடிப்போய்ப் பார்த்தேன். மேடைப் பேச்சுதான் இருந்தது, படம் இல்லை. இத்தனை வருஷம் தொடாத கை தடுமாறத்தானே செய்யும். அடுத்த மாதம் 15ஆம் தேதி அவரே போய்விட்டார்.

நொய்யல்கரை:
அந்தப் படம் சுமார்தான், வாதாட மாட்டேன். உடம்பு முடியாத நேரத்தில் எடுத்தது. அதில் அவர் சொல்ல வந்த அரசியல் அவருக்கு உயிர், அதனால் படத்தை விடப் பேச்சு முந்திக்கொண்டது. சரி. நீங்கள் கொண்டாடும் 'அமைதிப்படை'க்கே வருகிறேன். வாக்கு எண்ணும் காட்சி. கோயிலில் தேங்காய் பொறுக்கிய அமாவாசை, மணியன் பக்கத்தில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருப்பான். முன்னிலை ஏற ஏற, முதுகு நிமிரும், சாய்ந்து உட்காருவான், கடைசியில் கால் மேல் கால். எல்லோரும் சத்யராஜைத்தான் பாராட்டுகிறார்கள். மணியனாக உட்கார்ந்திருக்கும் மணிவண்ணனை மட்டும் பாருங்கள். தான் வளர்த்துவிட்டவன் கைமீறிப் போவது அந்த முகத்தில் தெரியும். அந்த முகம் இல்லாவிட்டால் அது ஒருவன் நாற்காலியில் நெளிகிற காட்சி, வேறொன்றும் இல்லை. அந்த ஷாட்டை வைத்த இயக்குநருக்கு அந்த நடிகர் தேவைப்பட்டார். எதை எது தின்றது?

பால்கனி டிக்கெட்:
யூடியூப்பில் அந்தக் காட்சியை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். அவரையே பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தும் பாதியில் கண் சத்யராஜிடம் போய்விட்டது. திரும்ப வைத்தேன்.

டூரிங் டாக்கீஸ்:
நானும் பார்த்தேன். மணியன் விஷயத்தில் நொய்யல்கரை சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நானூறில் ஐம்பதைக் குறைத்து நமக்கு இன்னும் இரண்டே இரண்டு படம் இயக்கியிருக்கலாம். அந்த வருத்தத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

அப்புறம், 'இங்கேயும் ஒரு கங்கை' நல்ல பிரிண்ட் யாரிடமாவது இருக்கிறதா?