மறு: ‘தலையீட்டுக்கான எதிர்வினை’ சரியா?

அன்புள்ள ஐயா,

படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து, முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பள்ளி முறைக்கு ஆங்கிலத்தில் ரெஸ்பான்ஸ் டு இன்டர்வென்ஷன் என்று பெயர். அதற்கு நீங்கள் தந்த ‘தலையீட்டுக்கான எதிர்வினை’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அக்கா மகனைப் பற்றி டெக்சாஸ் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை, அங்கே தங்கியிருக்கும் அம்மாவுக்காக அந்தச் சொல்லை வைத்தே தமிழில் எழுதி அனுப்பினேன். உடனே போன். "பையன் யாரை எதிர்த்துப் பேசினான்?" அம்மாவின் குரல் நடுங்கியது. அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவில் 1977 விதிகளின்படி, நுண்ணறிவு ஈவுக்கும் (ஐ.க்யூ.) படிப்புக்கும் பெரிய இடைவெளி இருந்தால்தான் கற்றல் குறைபாடு. அது கண்ணில் படும் அளவுக்கு விரிவதற்குள் பிள்ளை பல வருடம் தோற்றிருக்கும். சிறப்புக் கல்விச் சட்டத்தின் 2004 திருத்தம் வேறு வழி திறந்தது: முதலில் நன்றாகச் சொல்லிக்கொடு, அப்புறம் பார். அக்கா மகனுக்கு இப்போது வகுப்புப் பாடத்துக்கு மேல், நாலைந்து பிள்ளைகளோடு எழுத்தொலிப் பயிற்சி. வாரம் ஒருமுறை ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாய்விட்டு வாசிக்கிறான். ஆசிரியை தவறிய சொற்களை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். புள்ளிகள் ஏறினால் சரி. ஏறாவிட்டால் உதவி கூடும். அதற்கும் ஏறாவிட்டால் குறைபாடு உண்டா என்று முழுதாக ஆராய்வார்கள்.

"காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை" என்கிறோமே, அந்தக் ‘கேட்பது’தான் இங்கே ரெஸ்பான்ஸ். ஆனால் ‘கேட்பு’ என்றால் பணம் கோருவது போலாகிவிடும். உளவியல் பாடநூல்களில் ஏற்கெனவே ‘துலங்கல்’ இருக்கிறது. துலக்கினால் பித்தளை துலங்கும். துலங்காவிட்டால் முதலில் துலக்கிய கையைப் பார்க்க வேண்டும். பிள்ளைமேல் உடனே பழி போடாத சொல் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

‘தலையீடு’ என்றாலே அரசியல் தலையீடுதான் நினைவுக்கு வருகிறது. ‘துணைக்கற்பிப்பு’ என்கிறேன். சேர்த்தால் ‘துணைக்கற்பிப்புத் துலங்கல்’. ஆங்கில முதலெழுத்துகளை வைத்து ஆர்.டி.ஐ. என்று சுருக்கினால் இங்கே தகவல் உரிமைச் சட்டம் ஆகிவிடும்.

இந்த உதவியின் ஒவ்வொரு நிலையையும் ஆங்கிலத்தில் டியர் (tier) என்கிறார்கள். அதற்குப் ‘படி’ வேண்டாம், ‘அடுக்கு’ போதும். உதவி கூடினாலும் அடியில் வகுப்புப் பாடம் இருக்கிறது. அதோடு, ‘படி’ என்றால் எல்லாம் ஏறி முடித்த பிறகுதான் குறைபாட்டுக்கான முழு மதிப்பீடு என்று பெற்றோர் நினைப்பார்கள். அது தவறு. இந்த முறையைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2011 இல் கூட்டாட்சிக் கல்வித் துறையே மாநிலங்களுக்கு எழுதியது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

‘துணைக்கற்பிப்பு’ என்பதைவிட வாயில் எளிதாக வரும் சொல் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளியில் கூட்டம், அம்மாவும் போகிறார்.